புழுக்கைக்கு ஐம்பது புள்ளி

ரூரு தீவுப் பறவைக் காப்பகம்
செவ்வாய்க்கிழமை, மழை

அன்பையும் பிஸ்கட்டையும் அளவில்லாமல் அனுப்பும் ஜாய்ஸ் அக்காவுக்கு,

உன் தம்பி கிளைவ் பணிவோடு எழுதுவது. இங்கே நான் சுகம், பறவைகள் என்னைவிடச் சுகம். பாரி அத்தானின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வியாழக்கிழமைப் படகில் நான் ஊருக்கே வந்துவிடுகிறேன். என் மெத்தையை வெயிலில் போட்டு வை. பதறிப்போய் ரேடியோவில் கூப்பிடாதே, என் மானம் போன கதையை வரிசையாகச் சொல்கிறேன்.

குளிர்காலத்துக்கு இங்கே ஒரே ஒரு தன்னார்வலரைத்தான் வைத்துக்கொள்வார்கள். அந்த இடத்துக்கு நானும் பிலிப்பாவும் போட்டி. பிலிப்பா முப்பது வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவள், அவள் முறைத்தால் கடல் அலைகூட வரிசையில் நிற்கும். யாரை வைத்துக்கொள்வது என்று எங்கள் வனக்காவலர் நைரிக்குத் தெரியவில்லை. அதனால் சமையலறைப் பலகையில் கட்டம் போட்டு, இந்த மாதச் சவால்களில் யார் அதிகப் புள்ளி எடுக்கிறாரோ அவருக்கே இடம் என்று சொல்லிவிட்டாள். தினமும் காலையில் உறைகிற குளிரில் கடலில் முங்க வேண்டும். முங்கி எழுந்ததும் கால் இரண்டும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் நான் நிச்சயப்படுத்திக்கொள்வேன். கல்யாணத்துக்குப் போகிற உடுப்பில் களை பிடுங்க வேண்டும். என்னிடம் அப்படி ஒன்று இல்லாததால் ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு போனேன். தினமும் என் பூட்ஸுக்குப் பின்னாலேயே ஓடிவரும் தகாஹே குஞ்சு, அதுதான் அந்தப் பறக்கத் தெரியாத நீலக் கோழி, அன்றைக்கு என்னைக் கண்டதும் அலறிக்கொண்டு தாயிடம் ஓடிவிட்டது. அக்கா, உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குஞ்சை விட்டு வர எனக்கு மனசே இல்லை. பஸ் ஓட்டுவதை நிறுத்திய பிறகு என்னை நம்பி என் பின்னால் வந்த ஒரே ஜீவன் அதுதான்.

கடைசிச் சவால்தான் சனியன். மாதம் முழுக்க இனிப்பைத் தொடக்கூடாது. நீ அனுப்பிய சாக்லெட் தூவிய பிஸ்கட் அந்த நேரம் பார்த்தா வந்து சேர வேண்டும்? இங்கே எந்தப் பார்சலையும் கதவு ஜன்னலெல்லாம் அடைத்த சோதனை அறையில்தான் பிரிப்பார்கள், உள்ளே எலியோ எறும்போ விதையோ இருந்தால் தீவுக்குள் தப்பிப் போகக்கூடாது என்று. நைரி ஒவ்வொரு பிஸ்கட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாசம் முடியட்டும் கிளைவ், அதுவரைக்கும் இது மேல் தட்டுலயே இருக்கட்டும்" என்றாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் பாதை வெட்டப் போயிருந்தார்கள். ஒன்று தின்றால் என்ன என்று நினைத்தேன். நாலு தின்றேன். நின்றபடியே, மாவு டப்பாவின் மேல் குனிந்து, திருட்டுப் பூனை மாதிரி.

சனிக்கிழமைக் காலையில் பிலிப்பாவின் கூச்சல் கலங்கரை விளக்கத்தையே ஆட்டியது. மாவு டப்பாவின் மூடியில் மூன்று கறுப்புத் துணுக்குகள். "எலிப் புழுக்கை!" அக்கா, நீங்கள் ஊரில் எலியைக் கண்டால் செருப்பை எடுப்பீர்கள், அவ்வளவுதான். இந்தத் தீவில் எலி செத்து நாற்பது வருஷம் ஆகிறது. மறுபடி ஒன்று வந்தால் முட்டை, பல்லி, குஞ்சு எதுவும் மிஞ்சாது. அதனால் வேலையெல்லாம் நின்றது, அறுபது பொறி வைத்தோம், இரையாகத் தடவிய கடலை வெண்ணெய் என் கையெல்லாம். ஞாயிற்றுக்கிழமை எலி மோப்பம் பிடிக்கும் நாய் ஹெலிகாப்டரில் வந்து இறங்கியது. நாள் பூராவும் மோந்துவிட்டு என் காலடியில் வந்து படுத்துத் தூங்கியது. நாய்க்காரர் ஒரு துணுக்கை ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினார், மிச்சம் இரண்டு ஜாடியில் இருந்தன. அது என் பிஸ்கட்டிலிருந்து உதிர்ந்த சாக்லெட்தான் என்று எனக்குப் பட்டது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குஞ்சு போச்சு, குளிர்காலம் போச்சு.

ஆனால் நைரி அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்து, "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. அந்தக் குஞ்சுங்களுக்கு எதுனா ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று கண்ணைத் துடைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. எழுந்தேன், ஜாடியைத் திறந்தேன், ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டு மென்றேன். 'இது சாக்லெட்தான்' என்று சொல்லத்தான் போனேன். சும்மா சொல்லக்கூடாது அக்கா, இனிப்பே இல்லை, நீ சர்க்கரையில் கை வைத்துவிட்டாய் என்று நினைத்தேன். அது தொண்டையில் ஒட்டிக்கொண்டு இருமிக்கொண்டிருக்கும்போதே பிலிப்பா எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"எலிப் புழுக்கையத் தின்னுட்டான்யா! இதுக்கு மேல ஒரு சவால் உண்டா? நான் தோத்துட்டேன், ஒத்துக்கிறேன்."

"நைரி அழுவுறதப் பாக்க முடியாம, அவள சிரிக்க வெக்கத்தான் தின்னிருக்கான்" என்றார் எங்கள் படகோட்டி. நைரி நிஜமாகவே சிரித்துவிட்டாள். பலகையில் என் பேருக்கு நேரே ஐம்பது என்று எழுதினாள். எல்லோரும் என்னைத் தோளில் தூக்கினார்கள். தோளில் உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் இன்னும் முப்பது பேரையும் முந்நூறு பொறியையும் கொண்டுவரப் படகு கிளம்பவிருந்தது. அப்போது ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன், நாலு பிஸ்கட் உட்பட. நைரி என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கம்பத்தில் கட்டினாள். அப்புறம், "ரெண்டு நாள் என் உயிரையே எடுத்துட்டியேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பொறிகளை எடுக்கச் சொன்னாள். போய் ஐம்பதை அழித்தாள், இனிப்புக்கு உண்டான பத்தையும் அழித்தாள், அதுவரை பிலிப்பாவோடு சமமாக இருந்த நான் பின்தங்கினேன். குளிர்கால இடம் பிலிப்பாவுக்கு. நியாயம்தான். எனக்கு அழுகை வந்தது, அதுவும் நியாயம்தான்.

ஆகவே வியாழக்கிழமை வருகிறேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உன் சமையல் கைக்கு நீண்ட ஆயுள். இனிமேல் வெறும் பிஸ்கட்டாகச் செய், மேலே எதையும் தூவாதே.

என்றும் உன் வெட்கங்கெட்ட தம்பி,
கிளைவ்

பி.கு.: மெத்தையை எடுத்து உள்ளே போட்டுவிடு! இப்போதுதான் ஆய்வகத்திலிருந்து ரேடியோவில் பேசினார்கள். அது எலிப் புழுக்கை இல்லையாம். சாக்லெட்டும் இல்லையாம். இங்கே மரப்பொந்தில் இருக்கும் வேட்டாப் பூச்சியின், கையகலத்துக்கு வளரும் அந்த வெட்டுக்கிளி ஜாதியின், அசல் புழுக்கையாம். நான் வாயைக் கொப்பளித்து முடிப்பதற்குள் நைரி, "தின்னது தின்னதுதான்" என்று ஐம்பதை மறுபடி எழுதிவிட்டாள். பத்து போனாலும் பிலிப்பாவைவிட நாற்பது அதிகம், குளிர்காலம் எனக்குத்தான்! ஆனால் பிலிப்பா ஜாடியில் மிச்சமிருந்த ஒன்றை விரலில் எடுத்து வைத்துக்கொண்டு, "என்னன்னு தெரிஞ்சே தின்னா எத்தன புள்ளி?" என்று நைரியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அக்கா, நான் ஓடுகிறேன். அவளுக்கு முன்னால் அதை நான் தின்றாக வேண்டும்.