பொங்காலையில் உருகிய பின் விளக்கு

கரமனை,
திருவனந்தபுரம்.
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி சேஷன் அவர்களுக்கு, கரமனை பிச்சுமணி நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் ஆத்துக்காரி பாகீரதி, கல்யாணப் பெண்ணான குழந்தை ஜானவி மூவரும் பகவான் கிருபையில் சௌக்கியம். திருநெல்வேலியில் தாங்களும், சம்பந்தி மாமியும், மாப்பிள்ளை அனந்தும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வைகாசிக் கல்யாணத்துக்கு மண்டபம், சமையல், நாதஸ்வரம் எல்லாம் பேசியாயிற்று. ஆனால் இது கல்யாணத்தைப் பற்றிய கடிதம் இல்லை. எங்கள் வண்டியின் பின் விளக்கைப் பற்றியது. போனிலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டில் மாமி போனை எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பேனாவை எடுத்தேன். தயவுசெய்து மாமி கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் படிக்கவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாமி மேல் எனக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது. மாசி மாதம் ஆற்றுக்கால் அம்மனுக்குப் பெண்கள் தெருவில் பொங்கலிடும் பொங்காலைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது எங்கள் பாக்கியம். அன்றைக்கு ஊர் எப்படி இருக்கும் என்று மாமி சொல்லியிருப்பார். தெருத்தெருவாக மூன்று மூன்று செங்கல் வைத்த அடுப்புகள், கோயிலிலிருந்து செய்தி வந்ததும் அத்தனை அடுப்பும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும், கண்ணைத் திறக்க முடியாத புகை, ஆண்பிள்ளைகளுக்கு மோர் ஊற்றிக் கொடுப்பதைத் தவிர ஒரு ஜோலியும் இல்லை. வண்டிகளையெல்லாம் முந்தின நாளே தெருவை விட்டு எடுக்கும்படி மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். என்னுடைய ஸ்டேஷன் வேகன் உங்களுக்குத் தெரிந்ததுதான், நீளமும் அதிகம், வயசும் அதிகம். அன்றைக்குப் பார்த்து பேட்டரி படுத்துவிட்டது. தள்ளுவதற்கு ஆள் வேண்டும், ஆட்கள் எல்லாரும் செங்கல் சுமந்துகொண்டிருந்தார்கள். ஆகையால் வண்டி வாசலிலேயே நின்றுவிட்டது. "வண்டிப் பக்கம் அடுப்பு வைக்கப்படாது, கேட்டியோ?" என்று பாகீரதியிடம் காலையிலிருந்து சொன்னேன். "கேட்டாச்சு, கேட்டாச்சு, நீங்க போய் மோரைக் கவனியுங்கோ" என்று என்னை அனுப்பிவைத்தாள். தெருமுனையில் மோர் தீர்ந்து நான் திரும்பி வந்தபோது, டிரைவர் பக்கத்துப் பின் விளக்கு உருகி, நெய் மாதிரி பம்பர் மேல் வழிந்து உறைந்திருந்தது. அதன் காலடியில் ஒரு அடுப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி மாமி கரண்டியும் கையுமாக முன்னால் வந்து, "என் அடுப்புதான் மாமா. ஓலை சட்டுனு பத்திண்டுடுத்து. தப்பா நெனச்சுக்காதேள்" என்றார்.

நான் என்ன சொல்ல முடியும்? பெண்ணைக் கொடுக்கிறவன். "அதனாலென்ன மாமி, வெறும் பிளாஸ்டிக்தானே, இன்னொண்ணு மாட்டினாப் போச்சு" என்று சிரித்தேன். சிரித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பாகீரதி, "அது சிரிப்பா? பல்லு வலிக்காரன் டாக்டர்கிட்ட வாயைக் காட்டற மாதிரின்னா இருந்தது" என்றாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பொங்காலை முடிந்த மறு வாரம் மாமி பாகீரதியின் நம்பருக்குப் பேசியபோது நான்தான் எடுத்தேன். "மாமி, பிச்சுமணி பேசறேன், அந்த விளக்கு..." என்று ஆரம்பித்ததும் இருமல் போல ஒரு சத்தம் வந்தது, போன் வைக்கப்பட்டுவிட்டது. அன்றைக்கு எனக்குச் சாதம் இறங்கவில்லை. நாளைக்கு என் பெண் வாழப்போகிற வீடு அது. ஒரு விளக்குக்காக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டான் இவள் அப்பன் என்று மாமியார் மனசில் தங்கிவிட்டால், அவதிப்படப்போவது நானா? குழந்தையல்லவா? கல்யாணத்துக்கு மாமி வந்து இறங்கும்போது வண்டியில் அந்த அடையாளமே இருக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

இந்த வண்டியைக் கம்பெனி நிறுத்தி வெகு காலம் ஆகிவிட்டது. கிழக்கேகோட்டையில் தொடங்கி ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் மாடல் பெயரைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "சாரே, அது இப்பளும் ஓடுதா? கண்டே எத்தர காலமாச்சு!" என்று ஆனந்தப்பட்டாரே தவிர, விளக்கு இல்லை. கிடைக்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று பல்பைச் சுற்றிச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டினேன். பழவங்காடியில் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தி, பின்னால் போய்க் குனிந்து பார்த்து, "எந்தா சாரே இது, கிறிஸ்மஸ் ஸ்டாரோ?" என்று கேட்டார். பிறகு கோயம்புத்தூரில் ஒருவரிடம் புது விளக்கே இருப்பதாகத் தெரிந்து, இடது பக்கத்து விளக்கு வேண்டும் என்று எழுதி வரவழைத்தேன். எங்கள் மெக்கானிக் லிங்கராஜ் உங்கள் ஜில்லாக்காரர்தான். பெட்டியைப் பிரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாமி, நமக்கு வேண்டியது டிரைவர் சைடு. இது கிளீனர் சைடுல்லா வந்திருக்கு" என்றார். இடது பக்கம்தானே கருகியிருக்கிறது என்று நான் வண்டிக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டிக் காட்டினேன். "நீங்க வண்டிக்கு எதுத்தாப்ல நின்னு பாத்திருக்கிய. வண்டி அப்படிப் பாக்காதுல்லா" என்றார் அவர். அந்த விளக்கு வந்த வழியே கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போயிற்று.

கடைசியில் பாலராமபுரத்துக்கு அப்பால் சுவாமிதாஸ் என்பவர் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்துக்கு லிங்கராஜ் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே என் வண்டியின் கூடப்பிறந்ததே ஒன்று, சக்கரமில்லாமல், கண்ணாடியில்லாமல், பின் விளக்கு மட்டும் முழுசாக, வாழைகளுக்கு நடுவில் கிடந்தது. லிங்கராஜ் ஸ்பானரோடு நெருங்கியதும் சுவாமிதாஸின் மனைவி ஜெஸ்லின் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "அதுல தொடாதீங்க! உள்ள கோழி அடையிருக்கு" என்றார். விளக்கைக் கழற்ற வேண்டிய நட்டெல்லாம் டிக்கிக்குள்ளேதான் இருக்கிறது. டிக்கியில் கோழி. "குஞ்சு பொரிச்ச பெறவு வாங்க" என்று அந்த அம்மாள் திட்டமாகச் சொல்லிவிட்டார். நான் பொங்காலையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். "மாமியாரு காரியமா? இத மொதல்லயே சொல்லப்பிடாதா?" என்று மனம் இளகி, உச்சி வேளையில் கோழி தீனி தின்ன இறங்கும், திரும்பி வருவதற்குள் கழற்றிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்து, ஆளுக்கொரு பாலில்லாத கட்டன் சாயாவும் கொடுத்தார். காத்திருந்தோம். கோழி ஒரு பெரிய அதிகாரி சாப்பாட்டுக்குக் கிளம்புகிற தோரணையில் இறங்கிப் போயிற்று. லிங்கராஜ் இடுப்பு வரை உள்ளே நுழைந்தார். முட்டைக்குச் சூடு ஆறக்கூடாதாம். அதனால், வெங்காயம்கூட நாள் பார்த்துச் சேர்க்கிற குடும்பத்தில் பிறந்த நான், என் மேல்வேஷ்டியால் அத்தனை முட்டைகளையும் போர்த்தி, பக்கத்தில் காவலாக நின்றேன். இதை மட்டும் மாமி காதில் போட வேண்டாம்.

விளக்கை மாட்டியதும் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் சிமிட்டியது. எர்த் சரியில்லை என்று லிங்கராஜ் ஒரு வயரைச் சுரண்டிக் கட்டினார். இப்போது எல்லாம் முறையாக எரிகிறது. புதிதாக மாட்டியது நல்ல சிவப்பு, மற்றது வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாமி தூரத்திலிருந்தே பார்க்கும்படி நான் ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

ஆகவே விளக்கு விஷயம் தீர்ந்தது, பிச்சுமணி அதை மறந்தே போய்விட்டான் என்று மாமியிடம் தாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நான் ஒரு நாளும் கோபக்காரன் இல்லை என்பதையும் நடுவில் சேர்த்துக்கொள்ளவும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். மாமிக்கு எங்கள் எல்லோருடைய நமஸ்காரம்.

என்றும் தங்கள் அன்புள்ள,
பிச்சுமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் பாகீரதியிடம் இதைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்து, கோழிக் கட்டம் வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்த அடுப்பு என்னோடதுன்னா!" என்றாள். மாமியின் அடுப்பு எதிர்ச்சாரியில் நிழலில் இருந்ததாம். வெளியூரிலிருந்து வந்த யாருக்கோ இடம் விட்டுக் கொடுத்து, செங்கல்லை நகர்த்தி நகர்த்தி, இவள்தான் வண்டியடியில் வந்து சேர்ந்திருக்கிறாள். விளக்கு உருகியதும் நான் என்ன சொல்வேனோ என்று இவள் பயந்துபோயிருக்கிறாள். என் தலை தெருமுனையில் தெரிந்ததும், "நீ பேசாம இரு பாகீரதி. சம்பந்தியாத்து மனுஷியை அவர் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு மாமி முன்னால் வந்துவிட்டாராம். போனில் அன்று நான் கேட்டது இருமல் இல்லையாம், சிரிப்பை அடக்கிய சத்தமாம். இரண்டு பேரும் தினமும் மத்தியானம் பேசிக்கொள்கிறார்கள்.

எனவே மேலே கண்ட எதையும் பக்குவமாகச் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தை மாமியிடமே படிக்கக் கொடுத்துவிடுங்கள், முட்டை உள்பட. பெண்ணை அனுப்பப்போகிற வீட்டைப் பற்றி ஒரு தகப்பனுக்கு என்ன தெரிய வேண்டுமோ அது எனக்குத் தெரிந்துவிட்டது. மனசு நிறைந்துவிட்டது. அடுத்த பொங்காலைக்கும் மாமி இங்கேதான் வர வேண்டும். வண்டியை முந்தின நாளே நான் தனியாகத் தள்ளியாவது எடுத்துவிடுகிறேன்.