தலைவரும் மலிவுத் தோட்டாவும்

“மானிட சமுதாயம் இதுநாள்வரை தீர்க்க முடியாமல் தள்ளிப்போட்டு வந்த ஒரு மாபெரும் கேள்விக்கு, இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இந்த இடத்தில் விடை காணப்படும்!” என்று கிடியன் ஸ்ட்ரைடம் அறிவித்தார். அறிவிப்புக்கு ஒரு கம்பீரம் இருக்கட்டுமே என்று வலது காலைத் தூக்கி மடக்கு நாற்காலியின் மேல் வைத்தார். நாற்காலி மடங்கியது.

எழுந்து கால்சட்டையில் ஒட்டிய தென்னாப்பிரிக்கக் காரூ வறண்ட வெளியின் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, “கேள்வி என்னவென்றால்…” என்று தொடர்ந்தார்.

கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நல்ல வேட்டைத் துப்பாக்கியில் மலிவுத் தோட்டா போடலாமா, கூடாதா?

க்லிப்கிரால் வேட்டையாளர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் கிடியன் இதற்குப் பலமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். போன கூட்டத்திலும் சொன்னார். “மலிவுத் தோட்டா போடுறவன், திருவிருந்து திராட்சை ரசத்துல தண்ணி கலக்கிறவனுக்குச் சமம்!”

அப்போதுதான் அவருடைய மனைவியின் தம்பி டெர்ஷியஸ், வாயில் இருந்த உப்புக்கண்டத்தை மென்றபடியே சொன்னான்: “நான் அதைத்தானே அத்தான் போட்டுட்டு வர்றேன். நீங்க சப்புக்கொட்டிச் சாப்பிட்ட மானெல்லாம் அதுல செத்ததுதான்.”

கூட்டம் சிரித்தது. கிடியனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. “வாடா பார்த்துடலாம்! ஒரே துப்பாக்கி, என் துப்பாக்கி. உன் தகரத் தோட்டா என் தோட்டாவை ஜெயிச்சுட்டா, நான் தலைவர் பதவியை அந்த இடத்துலயே விட்டுடுறேன்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. வாரம் முழுக்க அவர் நகராட்சியில் தண்ணீர் வரிப் புகார்களைக் கேட்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர். அங்கே ஊரே பேசும், அவர் கேட்பார். வீட்டில் மனைவி ஹெஸ்டர் பேசுவாள், அவர் கேட்பார். அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடும் இடம் பூமியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இந்தச் சங்கத்தின் தலைவர் நாற்காலி.

ஹெஸ்டருக்கும் கவலைதான். அவள் கவலை வேறு. “என்னங்க, பதவி போயிட்டா சனிக்கிழமையெல்லாம் வீட்லயே இருப்பீங்களா?” என்று கேட்டிருந்தாள். இருப்பேன் என்று அவர் சொன்னதிலிருந்து அவருடைய வெற்றிக்காக மனமுருகி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

போட்டி ட்ரீகாவின் பண்ணையில். யாராக இருந்தாலும் முதலில் தாளில் குறிபார்த்துச் சுட்டுக் காட்டாமல் ட்ரீகா தன் நிலத்தில் வேட்டைக்கு விடமாட்டாள். அதனால் அங்கே குறிப்பலகை எப்போதும் தயாராக இருக்கும். நூறு மீட்டருக்கு அப்பால், வற்றிய குட்டையின் கரையோரமாக அது நின்றது. கரைக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்து, விசில் கேட்டதும் வந்து தாளைக் கழற்றிக்கொண்டு வர ஒரு நடுநிலையாளர் வேண்டும். போதகர் ரெட்டீஃபைப் பிடித்தார்கள். முப்பது வருஷமாகப் பிரசங்க மேடையில் நிற்பவர், பொய் பேசமாட்டார்.

“எந்தத் தாள் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியவே கூடாது போதகரே. அதுதான் விஞ்ஞானம்” என்றார் கிடியன்.

“சரி சகோதரரே” என்று போதகர் தொப்பியை அழுத்திக்கொண்டு கரைக்குப் பின்னால் போனார்.

முதல் சுற்று கிடியனுடையது. வெல்வெட் போன்ற ஏதோ ஒன்று விரித்த பெட்டியிலிருந்து, நிச்சயதார்த்த மோதிரத்தை எடுப்பதுபோல ஒவ்வொரு தோட்டாவாக எடுத்தார். பித்தளை பளபளத்தது. மணல்மூட்டையில் துப்பாக்கியைக் கிடத்தி, மூச்சை அடக்கி, மூன்று முறை சுட்டார். தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நகர்ந்தது.

விசில். போதகர் எழுந்துவந்து பலகையின் முன் சற்று நேரம் முதுகைக் காட்டி நின்றார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, நீட்டினார்.

மூன்று ஓட்டைகள். ஒரு தேநீர்ச் சாஸரால் மூடலாம்.

“குளிர்ந்த குழல்ல இதுக்கு மேல எவனாலயும் சுட முடியாது” என்றார் கிடியன்.

“எவனாலயும் முடியாது” என்றார் செயலாளர் ஃப்ளோரிஸ். தலைவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான் அந்தப் பதவியின் வேலை.

டெர்ஷியஸ் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையிலிருந்து தோட்டாக்களைக் கொட்டினான். சாம்பல் நிறம், இரும்பு உறை, ஆணி வாங்கும் கடையில் வாங்கியதுபோல இருந்தன. சுட்டதும் அழுகின முட்டை வாடை அடித்தது. மூன்றாவது குண்டுக்குப் பிறகு போல்ட் திறக்க மறுத்தது.

கிடியனின் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா! இரும்பு உறை சூட்டுல கவ்விக்கிச்சு! ஒரு காட்டெருமை எதிர்ல நின்னா என்னடா பண்ணுவ?”

“ஓடுவேன்” என்றான் டெர்ஷியஸ். சொல்லிவிட்டுப் பூட்ஸ் குதிகாலால் போல்ட்டை ஓர் உதை விட்டான். வெற்று உறை துள்ளி ட்ரீகாவின் காபிக் குவளையில் விழுந்தது.

“என் துப்பாக்கிடா அது!”

“உங்க துப்பாக்கிதான் அத்தான். உதை மட்டும்தான் என்னோடது.”

தாள் வந்தது. ஓட்டைகள் மூன்றையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம். ட்ரீகா கறி சுடும் அடுப்பில், கரியில் கொழுப்பு சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

கிடியன் பூதக்கண்ணாடியை எடுத்தார். “ஓட்டையோட விளிம்பைப் பாரு ஃப்ளோரிஸ். பிசிறு தெரியுதா? மட்டமான வெடிமருந்து. என் ஓட்டையைப் பாரு, எவ்வளவு கண்ணியமா இருக்கு!”

“கண்ணியம்” என்றார் ஃப்ளோரிஸ்.

“கண்ணியமா தூரம் தூரமா இருக்கு” என்றான் டெர்ஷியஸ்.

மலிவு மருந்தின் கரி குழலில் படிந்துவிட்டது, அந்த அழுக்கில் ஒப்பிடுவது நியாயமில்லை என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். குழலைத் துடைக்க வேண்டியதாயிற்று. எண்ணெய், துணி, பிரஷ், மறுபடி எண்ணெய். துடைத்து முடித்துச் சுட்டார். இந்தத் தடவை சாஸர் போதவில்லை, சாப்பாட்டுத் தட்டு தேவைப்பட்டது.

“எண்ணெய் கூடிப்போச்சு. முதல் குண்டு வழுக்கிருக்கு.”

அடுத்து காற்று. பக்கக் காற்றை மறைக்க ஹெஸ்டரின் வண்டியைக் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். என்ஜின் சூட்டில் எதிரே காற்று நெளிந்து, குறிப்பலகை தண்ணீருக்குள் நிற்பதுபோல ஆடியது. சுட்டார். இரண்டு ஓட்டைகள் ஒட்டி, ஒன்று தாளின் மூலையில். கிடியன் அந்த மூலை ஓட்டையைச் சொந்த மகன் கெட்டுப்போனதுபோலப் பார்த்தார்.

“கறி வெந்துடுச்சு!” என்று ட்ரீகா அடுப்பருகிலிருந்து கத்தினாள். “இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பேன். அப்புறம் நாய்க்குப் போட்டுடுவேன். நாய் எந்தத் தோட்டான்னு கேக்காது!”

டெர்ஷியஸ் மறுபடி சுட்டான். மறுபடி தீப்பெட்டி.

இப்போது கிடியனின் மூளையில் ஒரு மின்னல் வெட்டியது. தோட்டாவில் ஒன்றுமில்லை, பயலுக்குக் கைராசி! அவனுடைய தகரத்தை நான் சுட்டால் அதன் யோக்கியதை வெளியே வந்துவிடும். “மாத்திக்குவோம்! உன் தோட்டாவை நான் சுடுறேன்!”

“என்னங்க, வேண்டாமே…” என்றாள் ஹெஸ்டர். ஆபத்து வருவது பெண்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

கிடியன் வேண்டுமென்றே கொஞ்சம் அசட்டையாகச் சுட்டார். உண்மைக்காகத்தான். போதகர் கொண்டுவந்த தாளில் மூன்று ஓட்டைகளும், முட்டையின் மஞ்சள்கரு அளவு வட்டத்துக்குள், தாளின் நட்ட நடுவில் இருந்தன. அன்றைய தினத்தின் மிகச் சிறந்த தாள் அதுதான்.

டெர்ஷியஸ் தொப்பியைக் கழற்றினான். “வாழ்த்துகள் அத்தான். இப்படி யாரும் சுட்டு நான் பார்த்ததே இல்ல. இந்தக் கம்பெனித் தோட்டாவுக்கு நீங்கதான் இனிமே விளம்பரம்.”

செயலாளர் ஃப்ளோரிஸ் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்து, பிறகு நல்லவேளையாக மூடிக்கொண்டார். ஆனால் அவருடைய கண்கள் தலைவரின் மடக்கு நாற்காலியின் பக்கம் ஒருமுறை போய்விட்டு வந்தன. கிடியன் அதைப் பார்த்துவிட்டார்.

“கடைசியா ஒரு சுற்று” என்றார். “என் தோட்டா. இதோட முடிஞ்சுது. இதுல தோத்தா…” நாற்காலியைக் கையால் காட்டினார். முதன்முறையாக அவர் பேசாமல் இருந்ததும் கூட்டத்துக்கே மனசு ஒரு மாதிரியாகிவிட்டது. டெர்ஷியஸ்கூட உப்புக்கண்டத்தை மெல்லுவதை நிறுத்தினான்.

சுட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. விசில்.

இந்தத் தடவை போதகர் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கறி வாசனை கரைவரைக்கும் போயிருக்க வேண்டும். வேகமாக வந்து தாளை நீட்டினார்.

ஒரே ஓட்டை. உற்றுப் பார்த்தால் மூன்று. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூன்றிதழ்ப் பூப்போல, மையப் புள்ளியையே காணாமல் ஆக்கிவிட்டிருந்தன.

ஆரவாரம் எழுந்தது. ஹெஸ்டர் ஆனந்தக் கண்ணீர் விட்டாள். சனிக்கிழமைகள் பிழைத்தன. டெர்ஷியஸ் வந்து கையைக் குலுக்கி, “தோத்துட்டேன் அத்தான். இனிமே நானும் உங்க தோட்டாதான்” என்றான். மனதாரத்தான் சொன்னான்.

கிடியன் இந்த முறை நாற்காலியில் காலை வைக்காமல் உட்கார்ந்தே பேசினார். தரம் என்றால் என்ன, பித்தளை என்றால் என்ன, பொறுமையும் விஞ்ஞானமும் கைகோத்தால் உண்மை எப்படித் தாளில் தானாக வந்து விழும் என்பதையெல்லாம் அடுப்பில் கறித்துண்டுகள் கருகும்வரை விளக்கினார். மூன்றிதழ்த் தாளைச் சட்டம் போட்டுச் சங்கத்தில் மாட்டுவதென்றும், மலிவுத் தோட்டாவை உறுப்பினர்கள் இனித் தொடுவதில்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

“தீர்மானம் தின்ன முடியாது, வாங்க!” என்று ட்ரீகா தட்டுகளை அடுக்கினாள். “போதகரே, ஜெபம் பண்ணுங்க.”

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எல்லோரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்தார்கள். தலைவர் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகக் குனிந்தார்.

போதகர் ரெட்டீஃப் கைகளைக் கூப்பிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“ஆண்டவரே, இந்த உணவுக்காக உமக்கு ஸ்தோத்திரம்; காலையிலிருந்து ஒரு குண்டுகூட அந்தப் பலகையில் படவில்லை என்பதைச் சொல்ல மனம் வராமல், தாளுக்குத் தாள் பேனாவால் ஓட்டை குத்திக் கொண்டுவந்த அடியேனை மன்னியும், ஆமென்.”