புவியியல் பெட்டியில் ஒன்பது பேர்

புதன்கிழமை மதிய மணி அடித்தபோது புவியியல் பெட்டியில் ஒன்பது படிவங்கள்தான் இருந்தன. காலையில் பதினொன்று இருந்தன. புவியியல் ஆசிரியர் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒரு குண்டூசி விழுந்தது.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூகம்பம். குரல் அப்படி. அவர் மேல்மாடியில் எரிமலைப் பாடம் நடத்தினால், கீழே கணக்கு வகுப்பில் பெருக்கல் தப்பிப் போகும்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் மேல்வகுப்புத் தேர்வுக்கு ஒரு விருப்பப் பாடம் எடுத்து, ஆலோசனை அறையில் அந்தப் பாடத்துக்கு வைத்த பெட்டியில் படிவம் போட வேண்டும். வெள்ளிக்கிழமை நான்கு மணி வரைக்கும் மனம் மாறினால் படிவத்தையும் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் தெரியாமல் எதையாவது எடுத்துவிடுகிறார்கள் என்று, இந்த வருடம் புதிதாக ஓர் ஆலோசகரைப் போட்டார் தலைமையாசிரியை. பொறுப்பு பூகம்பத்தின் தலையில் விழுந்தது.

“இன்னொண்ணு சார்,” என்றார் தலைமையாசிரியை. “பதினஞ்சு பேர் சேரலைன்னா அந்தப் பாடம் இந்த வருஷம் கிடையாது. புவியியலுக்கும் அதே கணக்குதான். ஆள் சேரலைன்னா உங்களுக்கு வேற ஏற்பாடு பார்க்கறேன்.”

‘வேற ஏற்பாடு’ என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். போன வருடம் பாட்டு டீச்சருக்கு வேற ஏற்பாடு பார்த்தார்கள். இப்போது அந்தம்மா இரண்டு பஸ் மாறிக் கிளைப் பள்ளிக்குப் போகிறார்.

ஆனாலும் பூகம்பம் நேர்மையான மனிதர். ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தன் பாடத்துக்கு ஆள் பிடிப்பதா? புவியியல் எடுத்திருந்த ஒருவனைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா புவியியல்?”

“பிடிச்சிருக்கு சார்.”

“பாடம் பிடிச்சிருக்கா, இல்ல என் முகத்துக்காக எடுத்தியா?”

“உங்க முகத்துக்காக யாரு சார் எடுப்பா?” என்றான் அவன் உண்மையாகவே.

“அப்படிச் சொல்லக் கூடாது. நல்லா யோசி. பத்து வருஷம் கழிச்சு நீ யாரு? அதைச் சொல்லு முதல்ல.”

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, தான் யாரென்றே தெரியாமல் போனவன், படிவத்தையும் எடுத்துக்கொண்டு போனான். அவன் தோழனும் அதே மாதிரி போனான்.

அடுத்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். “சார், உயிரியல் பெட்டி எது? போட்டுட்டுப் போயிடறேன்.”

“உட்காரும்மா. ரத்தத்தைப் பார்த்தா உனக்கு மயக்கம் வருமா?”

“வந்ததில்ல சார்.”

“வந்தா?”

அவள் யோசித்தாள். அவர் கரும்பலகையில் மூன்று வட்டங்கள் போட்டு, ஆசை, திறமை, எதிர்காலம் என்று எழுதி, மூன்றும் சேரும் இடத்தில் அவளையே புள்ளி வைக்கச் சொன்னார். சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நின்றவள் கண் கலங்கி வெளியே ஓடினாள்.

‘சிந்திக்க வெச்சுட்டோம்,’ என்று பூகம்பத்துக்கு ஒரு நிறைவு.

“அடுத்தது யாரு, அக்கா?” என்று குரல் கொடுத்தார்.

மணி அடிக்கும் அக்கா வராந்தாவை எட்டிப் பார்த்தாள். “காலையில வரிசையா நின்னாங்க சார். இப்ப ஒருத்தரையும் காணோம்.”

அன்று சாயங்காலம் மனைவியிடம் புலம்பினார். அவள் செருப்புக்கடையில் விற்பனையாளர். இருபது வருட அனுபவம்.

“ஏங்க, கடைக்கு வந்தவங்ககிட்ட ‘இந்தச் செருப்பு உங்களுக்கு வேணாம்’னு நான் சொன்னா, முதலாளி என்னை வெச்சிருப்பாரா?”

“இது படிப்பு. செருப்பு இல்ல.”

“ரெண்டும் கடிக்கும். ‘லேசா இருக்கும், போட்டதே தெரியாது’ன்னு சொல்லிப் பாருங்க. பறக்கும்.”

வியாழக்கிழமை காலை அவர் வகுப்பு வகுப்பாகப் போய், புவியியலைப் போல லேசான பாடம் உலகத்தில் இல்லை என்று முழங்கினார். இடைவேளைக்குள் பெட்டியில் இருபத்தாறு படிவங்கள்! மத்தியானம் பெற்றோர்கள் தொலைபேசியில் வந்தார்கள்.

“என் மகன் மக்குன்னு யாரு சார் உங்ககிட்ட சொன்னது?”

“யாரும் சொல்லலையே!”

“அப்புறம் ஏன் அவனைப் பார்த்து லேசான பாடமா எடுக்கச் சொல்றீங்க?”

“ஐயையோ, லேசுன்னா அந்த அர்த்தத்துல இல்லைங்க. உண்மையில ரொம்பக் கஷ்டமான பாடம்! பாதிப் பேர் தேற மாட்டாங்க!”

இதைச் சொன்ன குரல் பூகம்பத்தினுடையது. மூன்று மாடிக்கும் கேட்டது. கடைசி மணி அடிப்பதற்குள் பெட்டியில் ஐந்துதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை, சொல்லிப் பயனில்லை, காட்டிவிடுவோம் என்று முடிவு கட்டினார். அத்தனை பேரையும் மைதானத்தில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னார்.

“அதோ பஞ்சு மாதிரி இருக்கே, அந்த மேகத்தைப் படிக்கத் தெரிஞ்சவனுக்குக் குடையே வேண்டாம். இன்னைக்குச் சொட்டு மழை கிடையாது. எழுதி வெச்சுக்குங்க!”

எழுதி வைத்தவர்களின் நோட்டு முதலில் நனைந்தது. மற்றவர்கள் அதற்குப் பிறகு நனைந்தார்கள். கூரைக்கு ஓடும்போது ஒருவன் சொன்னது அவர் காதில் விழுந்தது: “மேகம் வேற பாடத்திட்டம் போல.”

ஆலோசனை அறைக்குத் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். ஒரே ஒரு தாள். அவசரமாகப் பிரித்தார். காய்ச்சல் காரணமாக இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

பக்கத்துச் சேமிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையைப் பிழிந்து காயப் போட்டார். ஒரு பழைய உலக உருண்டை மட்டும் துணைக்கு இருந்தது. பத்தொன்பது வருடமாகச் சொல்லிக் கொடுத்த பாடம். கிளைப் பள்ளிக்குப் போகும் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பாட்டு டீச்சரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். வெளியே தலைமையாசிரியை ஏதோ அறிவிப்புச் செய்வது மழைச் சத்தத்தில் மங்கலாகக் கேட்டது. பிறகு வராந்தாவில் திபுதிபுவென்று ஓட்டம். எதுவும் அவர் மனதில் பதியவில்லை.

நான்கு மணிக்கு ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு, பெட்டியை ஒப்படைக்கலாம் என்று வந்தவர் திகைத்து நின்றார். மூடி மூடவில்லை. எண்ணினார். நாற்பத்து மூன்று! மறுபடி எண்ணினார். நாற்பத்து மூன்றேதான். கண் கலங்கிய உயிரியல் பெண் இருந்தாள். ‘மேகம் வேற பாடத்திட்டம்’ என்றவன்கூட இருந்தான்.

உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

“நாப்பத்து மூணு! உன் செருப்பு வியாபாரம் எல்லாம் இங்க எடுபடாது. உண்மையா நாலு வார்த்தை சொன்னேன் பாரு, அதுதான் வேலை செஞ்சிருக்கு. பிள்ளைங்களுக்கு என் மேல அவ்வளவு பாசம்!”

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றாள் அவள், எது தெரியும் என்று சொல்லாமல்.

மணி அடிக்கும் அக்கா அறையைப் பூட்டச் சாவியோடு வந்தாள்.

“பார்த்தீங்களாக்கா? என் ஆலோசனையோட மதிப்பு இப்பத்தான் பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிருக்கு.”

“நல்லாவே புரிஞ்சிருக்கு சார்,” என்றாள் அக்கா, சன்னலைச் சாத்திக்கொண்டே. “புவியியல் இல்லாமப் போனா உங்களை நிரந்தரமா ஆலோசகரா போட்டுடுவேன்னு மேடம் மத்தியானம் சொன்னாங்க. ‘ரெண்டு வருஷம் நாம கஷ்டப்பட்டாலும் பரவாயில்ல, தம்பி தங்கச்சிங்களையாவது காப்பாத்துவோம்’னு புள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சுட்டு வந்து போட்டுட்டுப் போச்சுங்க.”