வேர் காட்டுக்கு, இலை எஸ்டேட்டுக்கு

விடியற்காலைக் காற்றில் சாய்ந்த மரம், செல்லத்துரையின் ஜீப்புக்கு முன்னால் பாதையை அடைத்துக் கிடந்தது. எஸ்டேட் லயக் குடியிருப்பிலிருந்து கீழே இறங்க அது ஒன்றுதான் வழி. ஜீப் நிறையச் சீர்த்தட்டுகள். மறையூரில் தங்கை மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் மாலை போட வேண்டும்.

தங்கை கற்பகம் போனில் கூப்பிட்டாள். "எண்ணே, எங்க இருக்க?"

"மரத்துக்கு இந்தப் பக்கம்."

கயிறு கட்டி இழுக்கப் போனார். சரணாலயக் காவலர் ஓடி வந்தார்.

"தொடாதீங்க! வேர் காட்டுக்குள்ள இருக்கு. தொட்டா கேஸ்."

"வழியில கெடக்கே சார்?"

"வழி பஞ்சாயத்தோடது. அங்க கேளுங்க." மரத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்.

செல்லத்துரை பஞ்சாயத்துக்குப் போன் போட்டார். பைக்கில் வந்த ஊழியர், 'பாதை மூடப்பட்டுள்ளது' என்று பலகை நட்டார்.

"நடு மரந்தான் எங்க ரோட்டுல. தலை தேயிலை மேல கெடக்கு பாருங்க. எஸ்டேட்டைக் கேளுங்க."

எஸ்டேட்டுக்கும் போன் போட்டார். செடி நசுங்கியதை மேலாளர் பார்க்கும்வரை ஒரு கிளையும் அசையக்கூடாதென்று ஒரு வாட்ச்மேன் நாற்காலியோடு வந்து உட்கார்ந்துகொண்டான்.

மறுபடி கற்பகம். "ஒனக்குப் பதிலா பெரியப்பா மகன் மாலை போடட்டுமான்னு கேக்காக."

"போட்டா, ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்!" போனை வைத்துவிட்டுக் காவலரிடம் திரும்பினார். "மொத்த மரத்துக்கும் யாருதான் சார் பொறுப்பு?"

காவலர் பொறுமையாக விளக்கினார். "அதுக்குத்தான் கூட்டுச் சமிதி. நாங்க, பஞ்சாயத்து, எஸ்டேட், ஊர்க்காரங்க எல்லாரும் சேர்ந்தது. ஊர்க்காரர் ஒருத்தர்தான் தலைவர். அவர் சொன்னா உடனே வெட்டலாம்."

சமிதிக் கூட்டம் செல்லத்துரைக்கு நினைவிருந்தது. வடை நன்றாக இருந்தது. பேச்சுதான் நீளம், பாதியில் வந்துவிட்டார்.

"அப்ப அந்த ஆளக் கூப்பிடுங்க!"

"நான் வந்து ரெண்டு நாள்தான், ஆளத் தெரியாது. ஆபீஸ்ல காலையிலேர்ந்து அவருக்குப் போன் அடிக்கிறாங்க. எந்நேரமும் லைன் பிஸியாம்."

"ஊரே தவிக்குது, அவன் யார்ட்ட கதையளந்துட்டு இருக்கான்? இப்படி ஒரு பயலத் தலைவராக்குன புத்திசாலி யாரு?"

எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சிசிலி நிமிர்ந்தாள்.

"நாங்கதாண்ணே. அன்னைக்கு வடையத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டீக. இல்லாத ஆளு மறுக்க மாட்டாருன்னு ஒங்களையே போட்டுட்டோம். வெட்டுங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, வெட்டிருவாக."