வளைபந்தும் என் மெழுகு நூலும்

என் தங்கையின் கணவரும், தோல் பெட்டித் தொழிற்சாலை பேஸ்பால் அணியின் முன்னாள் பந்தெறிபவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீங்களும் தங்கையும், குறிப்பாக உங்கள் வலது முழங்காலும், நலமாக இருக்க வேண்டுகிறேன். நீங்கள் என் தங்கையைக் கைப்பிடித்த நாளிலிருந்து 'நீங்கள்' போட்டுத்தான் பேசி வருகிறேன். ஆனால் இன்று எழுதப்போகும் விஷயத்தில் அந்த மரியாதை எத்தனை வரி தாங்கும் என்று தெரியவில்லை. நடுவில் நழுவினால் பொறுத்துக்கொள்ளவும்.

போன வாரம் நம் தொழிற்சாலைச் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். சங்க அறையில் உங்கள் படத்தை மாட்டி, இறுதி ஆட்டத்தில் நீங்கள் எறிந்த கடைசிப் பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். "அந்தப் பந்து எப்படி வளைஞ்சுதுன்னு அதைப் புடிச்ச ஆள் நீங்கதான சொல்லணும்? ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். பெருமையாகத் தலையாட்டிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அந்தப் பந்து ஏன் வளைந்தது என்பது முப்பத்தெட்டு வருடமாக எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். உனக்கே தெரியாது. பார்த்தாயா, நழுவிவிட்டது.

சொல்லிவிடுகிறேன். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் மதிய இடைவேளையில், கிடங்குக்குப் பின்னால் லாரிகள் திரும்பும் இடத்தில், நான் குந்தியிருக்க நீ எறிந்தாயே, நினைவிருக்கிறதா? நாற்பது பந்தில் ஒன்றுகூட வளையவில்லை. நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தோல் வெட்டும் பிரிவுக்குப் போய்விட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. தையல் பிரிவில் பெட்டிக் கைப்பிடி தைக்கும் மெழுகு நூலை எடுத்து, ஒரு புதுப் பந்தின் நூற்றெட்டுத் தையலையும் பிரித்து, விளிம்பு விரலில் நன்றாகத் தட்டும்படி தூக்கித் தைத்தேன். விதிப்படி அது தப்புதான். மறுநாள் என் பையிலிருந்து எடுத்து அம்பயரின் கூடையில் நைசாகப் போட்டுவிட்டேன். கடைசி மட்டைக்காரன் பழைய பந்தைக் கோட்டுக்கு வெளியே பக்கவாட்டில் அடித்துத் தொலைக்க, கூடையில் மிச்சமிருந்த அந்த ஒரே பந்தைத்தான் அம்பயர் உன்னிடம் வீசினார். நீ எறிந்தாய். என் மூக்குக்கு நேராக வந்தது, வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவரைப்போல் சட்டென்று திரும்பிக் கீழே இறங்கியது. மட்டை வெறும் காற்றை அடித்தது. வேலியோரம் நின்ற என் தங்கை அன்றைக்குத்தான் உன்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆக, உன் கல்யாணமே என் ஊசி போட்ட தையல் என்று உள்ளுக்குள் பாதி மிதப்பு, பாதி உறுத்தல்.

மேடையேறும் முன் ஒரு சோதனை செய்துவிடலாம் என்று தோன்றியது. வளைபந்து பழகுவதற்கென்றே இப்போது ஒரு பந்து விற்கிறார்கள். எந்த விரலை எங்கே வைப்பது என்று ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் கட்டை விரலுக்கும் தனித்தனி நிறத்தில் அச்சடித்திருக்கிறார்கள். வெறும் விரலாலேயே என் கையில் அது வளைந்துவிட்டால், ஊசிக்குப் பங்கில்லை என்று நிம்மதியாகப் பேசலாம் அல்லவா? கடைக்காரப் பெண் "பேரனுக்கா தாத்தா?" என்றாள். "எனக்குத்தாம்மா" என்றேன். அவள் உடனே மூட்டுவலிப் பட்டை இருக்கும் அலமாரியைக் காட்டினாள்.

வீட்டு முற்றத்தில் நின்று, நிறம் பார்த்து விரல் வைத்து எறிந்தேன், முதல் பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்க் கொடியில் காய்ந்த மாடிவீட்டு வக்கீலின் கறுப்பு அங்கியைக் கிழித்தது, இரண்டாவது அவருடைய பூந்தொட்டியை உடைத்தது, என்ன சத்தம் என்று பார்க்க அவர் தலையை நீட்டியபோது மூன்றாவது ஏற்கெனவே என் கையை விட்டுக் கிளம்பியிருந்தது, நல்லவேளை குனிந்துவிட்டார், "சார், என் மேல எதாவது கேஸ் இருக்கா?" என்று கேட்டார், என் மனைவியோ "என்னங்க, அறுபத்திமூணு வயசுல கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று கத்தினாள், அத்தோடு விட்டிருக்கலாம், பழைய புத்தி விடவில்லை, ஊசியை எடுத்து அந்தப் பந்தின் தையலையும் தூக்கித் தைத்து எறிந்தேன். வளைந்தது மாப்பிள்ளை! தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, சமையலறை ஜன்னலில் புகுந்து, பால் பாத்திரத்தில் குளித்தது. ஊசியே சாட்சி சொல்லிவிட்டது.

ஆகவே படம் வேண்டாம், கண்ணாடிப் பெட்டியும் வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. எனக்கு மேடையில் பொய் பேச வராது. இத்தனை வருடம் வாயைத் திறக்காததற்கு ஒரே காரணம், அந்தப் பந்து என் கையுறையில் விழுந்த சத்தம்தான். அப்படியொரு சத்தத்தை நான் அப்புறம் கேட்கவேயில்லை. நான் பந்தைப் பார்ப்பதற்குள் நீ ஓடி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, முகமூடியோடு என்னைத் தூக்கினாய். உள்ளங்கை இரண்டு நாள் எரிந்தது. எரிச்சல் அடங்கியபோது வருத்தமாக இருந்தது. அந்த நாள் எனக்குத் திரும்ப வேண்டும்டா, வேறொன்றும் வேண்டாம்.

தங்கைக்கு என் ஆசிகள். பிள்ளைகள் சீரும் சிறப்புமாக நீடு வாழட்டும். தங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன், முன்னாள் கேட்சர்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன். வக்கீலின் அங்கியைத் தைக்க நூல் தேடிய என் மனைவி, பழைய தொழிற்சாலைப் பையை உதறியிருக்கிறாள். "இது என்னங்க, கிழிஞ்ச உள்துணிக்குள்ள கெடக்கு?" என்று ஒரு பந்தைக் கொண்டுவந்து வைத்தாள். மெழுகு நூல். என் இரட்டை முடிச்சு. தூக்கித் தைத்த விளிம்பு. ஒரு புல் கறைகூட இல்லை. அன்றைய அவசரத்தில் நான் கூடையில் போட்டது அதோடு பையில் கிடந்த சாதாரணப் பந்து! வளைத்தது உன் விரல்தான்டா, முழுக்க உன் விரல்தான். முப்பத்தெட்டு வருடம் உன்னை ஒரு படி குறைத்து நினைத்துவிட்டேன், மன்னித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பத்து நிமிடம் போதாது, அரை மணி நேரம் வாங்கி வை. போனில் சொல்லலாம்தான், உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். கடிதத்தைக் கிழித்தும் போட்டிருக்கலாம். ஆனால் நேர்மையான மனிதன் என்ற திமிரில் இதன் நகலைக் காலையிலேயே செயலாளருக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். நாளை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குத் தபால்காரர் வருவார். நீ அவருக்கு அடுத்த தெருவில்தானே இருக்கிறாய்? அதனால்தான் இதை என் மனைவி கையில் இப்போதே கொடுத்தனுப்புகிறேன். அந்தக் காலத்தில் நீ எறிந்ததையெல்லாம் நான் பிடித்தேன். இந்த ஒன்றை மட்டும் நீ பிடித்துவிடு.