டைம்கீப்பர் போட்ட ஆராதனை அட்டவணை

கடவுளுக்கே நேர அட்டவணை போட்டுக் கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் திருகோணமலைக்காரர். பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் சின்னத் தேவாலயத்தில், ஆராதனையைத் திட்டமிடும் குழுவுக்கு யாரோ ஒரு புண்ணியவான் அவரைத் தெரிவு செய்துவிட்டார். அன்றோடு எங்கள் நிம்மதி போனது. பாடகர் குழு என் பொறுப்பு, ஆகவே முதல் அடி எனக்கு.

"தங்கச்சி, ஆரம்பப் பாட்டு எட்டு மணி ரெண்டு நிமிசத்துக்கு வெளிக்கிட வேணும். ஏழு சரணம் ஏலாது. நாலோட நிப்பாட்டுங்கோ."

"பாட்டென்ன கிண்ணியா பஸ்ஸா, அண்ணை?"

"பஸ் பிந்தினா சனம் ஏசும். இங்க ஏசாது, பேசாம வீட்டிலயே நிண்டிடும்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் அதை அவரிடம் சொல்வேனா?

துறைமுகப் பக்கமிருந்து சில சிங்களக் குடும்பங்கள் வரத் தொடங்கியதும், பரமண்டல ஜெபத்தை இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் சொல்லவேண்டும் என்றார். நல்ல யோசனை. கூடவே ஒரு கட்டளையும் வந்தது.

"ஆர் முந்தினாலும் ஆமென் சொல்லக்கூடாது. மற்றாக்கள் வந்து சேருமட்டும் நில்லுங்கோ."

முதல் ஞாயிறு நாங்களும் முடித்தோம், அவர்களும் முடித்தார்கள். நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று இரு பக்கமும் மரியாதையோடு காத்து நின்றோம். கால் கடுத்தது. கடைசியில் ஒரு கைக்குழந்தை தும்மியது. அதையே ஆமென் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

இப்படி இருக்கையில்தான், பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ராணி ரீச்சரின் கதை வந்தது. எத்தனையோ வருடம் கணீரென்று வேதபாடம் வாசித்தவர் ரீச்சர். பாரிசவாதம் வந்து கைகால் விழுந்தபின் நடை திரும்பியது, பேச்சு மட்டும் திக்கித் திக்கித்தான் வந்தது. வெட்கத்தில் கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டார். டைம்கீப்பர் நாலு தரம் வீட்டுக்குப் போய்க் கெஞ்சியபின், ஒரே ஒரு தரம் வாசிப்பதாகச் சம்மதித்தார். சரிவராவிட்டால் இனி யாரும் தன்னைக் கூப்பிடவே கூடாதாம்.

டைம்கீப்பர் நேரே போதகரிடம் போனார். "ஐயா, உங்கட பிரசங்கத்தில பத்து நிமிசம் எனக்கு வேணும்."

"பத்தா?"

"ஓம். சொன்னதையே மூண்டாம் தரம் சொல்லாம விட்டீங்களெண்டால் காணும்."

பிறகு சனிக்கிழமை பின்னேரம் எங்களையெல்லாம் கோயில் வாங்குகளில் வரிசையாக இருத்தி, சும்மா இருக்கப் பழக்கினார். தான் வாசித்துக்கொண்டு போய்ப் பாதிச் சொல்லில் நிறுத்துவார். மீதியை எடுத்துக் கொடுப்பவர் வெளியே போகவேண்டும். நான் இரண்டு தரம் போனேன். போதகரும் ஒரு தரம் போனார்.

ஞாயிறு. ரீச்சர் எழுந்து போய் நின்றார். வேதாகமத்தைத் திறந்தார். மூன்றாம் வசனத்தில் ஒரு சொல் சிக்கிக்கொண்டது. எனக்கு அது நாக்கு நுனியில் வந்து நின்றது. டைம்கீப்பர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். விழுங்கினேன். கோயில் முழுக்க விழுங்கியது. ரீச்சர் கண்ணை மூடித் திறந்தார், அந்தச் சொல்லைத் தானே கொண்டுவந்தார், கடைசி வசனம் வரைக்கும் வாசித்து முடித்தார்.

இறங்கி வந்தவர் டைம்கீப்பரின் வாங்கருகே நின்றார். "அடுத்த... கிழமை... எந்தப் பாடம்?"

அடுத்த கிழமை வாசிப்பு என் பெயரில் இருந்தது. "என்ர பேரை வெட்டுங்கோ அண்ணை," என்றேன். அவர் அட்டவணைக் கோப்பைத் திறந்தார். கண் நிறைந்திருந்ததில் பக்கம் தெரியவில்லை. பக்கத்தை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஆராதனை அன்று பதினைந்து நிமிடம் பிந்தி முடிந்தது. வெளியே வந்து அந்த மனிதருக்குத் தேத்தண்ணியை நானே ஊற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன், சீனி ஒரு கரண்டி கூடப் போட்டு.