அம்மனை அளக்க வா, தம்பி

நொச்சியேரித் தெரு,
அரியலூர்.
புரட்டாசி கடைசி வெள்ளி.

அன்பும் அறிவும் நிறைந்த என் தம்பி, ஓய்வு பெற்ற சர்வேயர் அறிவரசனுக்கு, உன் அக்காள் ரத்தினம்மாள் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் திருச்சியில் சௌகரியமாக இருப்பீர்கள். இங்கு நாங்கள் நலம் என்று எழுதினால் பொய்யாகும். நலமில்லை என்று எழுதினால் உனக்கு பிரஷர் ஏறும். ஆகையால் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். நான் பேச ஆரம்பித்தால் மருமகள் ஸ்பீக்கரைப் போட்டு, "அத்தைக்கு இதே வேலைங்க மாமா" என்று நடுவில் புகுந்துவிடுகிறாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவளாக இருக்கலாம். ஆனால் கடுதாசிக்கு நடுவில் எவளும் புகுந்து பேச முடியாது.

விஷயம் நம் ஏரியைப் பற்றியது. போன ஐப்பசியில் தெருவுக்குள் தண்ணீர் புகுந்து, எதிர்வீட்டுச் சின்னப்பிள்ளையம்மாள் மேல் சுவர் சாய்ந்து அவள் செத்துப்போனாள். நீகூட மாலையோடு வந்தாய். தண்ணீர் ஏன் தெருவுக்கு வந்தது? ஏரிக்குள் அதற்கு இடமில்லை. டிப்பர் லாரி வைத்திருக்கிற செந்தில்குமார், ஊரில் இடிக்கிற கட்டட ரப்பீஸையெல்லாம் கொண்டுவந்து பாதி ஏரியை மேடாக்கி வைத்திருந்தான். அவள் காரியம் முடிந்த கையோடு தெருவே கூடி நொச்சியேரிப் பாதுகாப்புக் குழு ஆரம்பித்தோம். லீலா மேரி டீச்சர் செயலாளர். தலைவி யார் என்று நானே சொல்லிக்கொள்ள மாட்டேன். பேப்பரில் வந்த போட்டோவில் நடுவில் நிற்பவளைப் பார்த்துக்கொள். ஞாயிறு தவறாமல் கருவேல முள்ளை வெட்டினோம், வரத்து வாய்க்காலைத் தூர்வாரினோம். முக்குளிப்பான் வந்து குஞ்சு பொரித்தது. ஆனா விடிஞ்சா கரையில புதுசா ஒரு குவியல். மனு கொடுத்தோம், வாங்கி வச்சுக்கிட்டாங்க. 'குப்பை கொட்டாதீர்'னு போர்டு வச்சோம், போர்டு மேலேயே கொட்டிட்டான்.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு தம்பி. சுவத்துல சாமி படம் வச்சா எவனும் ஒண்ணுக்கு இருக்க மாட்டான் இல்லையா, அதே கணக்குதான். லாரி வந்து நிக்கிற இடத்துல பாதி புதைஞ்சு ஒரு கல்லு கிடந்துச்சு. அதுக்கு மஞ்சளைப் பூசி, குங்குமம் வச்சு, வேப்பிலை சொருகி, பக்கத்துல ஒரு சூலத்தை நட்டு எலுமிச்சம்பழம் குத்தி வச்சேன். கரைகாத்தம்மன்னு பேரும் நானே விட்டேன். மறுநாள் லாரி வந்துச்சு. டிரைவர் இறங்கினான், செருப்பைக் கழட்டினான், விழுந்து கும்பிட்டான், லோடோட ரிவர்ஸ் எடுத்துட்டுப் போயே போயிட்டான். டீச்சர் வேதக்காரங்க, அவங்களே, "ரத்தினம், உன் மூளைக்கு நீ பி.ஏ. படிச்சிருக்கணும்"னாங்க. நான் மறுத்துப் பேசலை.

அம்மன் அதோட நின்னிருந்தா இந்தக் கடுதாசியே இல்லை. தெற்குத் தெருவுல ஒருத்திக்கு எட்டு வருஷமா இல்லாத பிள்ளை உண்டாச்சு, அவ போற போக்குல எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கும்பிட்டிருக்கா. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் வந்துச்சு, கூட்டம் வந்ததும் தகரக் கொட்டாய் வந்துச்சு, கொட்டாய் வந்ததும் உண்டியல் வந்துச்சு, உண்டியலைப் பாத்துப் பூசாரி வந்தாரு. நிக்க இடம் பத்தலைன்னு ஏரியைக் கொஞ்சம் தூத்தாங்க, வண்டி நிறுத்தணும்னு இன்னும் கொஞ்சம், அன்னதானத்துக்கு இன்னும் கொஞ்சம். அம்மன் நடுமேட்டுல உக்காரணும்னு கல்லைப் பேத்து ரொம்ப தூரம் உள்ள கொண்டுபோய் நட்டு, பித்தளைக் கவசம் போட்டு, கோபுரமும் கட்டிட்டாங்க. நம்ம குழு ஆளுங்க ஒவ்வொருத்தரா கோயில் கமிட்டிக்குப் போயிட்டாங்க. கமிட்டித் தலைவர் யாருங்கிறே? செந்தில்குமார். அதே லாரி, அதே ரப்பீஸ், முன்னாடி மட்டும் 'உபயம்'னு எழுதித் தொங்குது.

நேராப் போய்க் கேட்டேன். "ஏன்டா, வெக்கமா இல்லையா?"

"ஆத்தா, எனக்குன்னு கொட்டுனப்ப குத்தம்னீங்க. இப்ப அம்மனுக்குக் கொட்டுறேன், இதுவும் குத்தமா?"

"அது அம்மன் இல்லடா, நான் மஞ்சப் பூசுன வெறுங்கல்லுடா!"

கத்தினேன் பாரு, அங்கதான் தப்பாப் போச்சு. சத்தத்துல எனக்கு உடம்பு ஆடிருச்சு போல. "ஆத்தா மேல அம்மன் இறங்கிருச்சு, சோதிக்கிறா!"ன்னு ஒருத்தி குலவை போட்டா. பூசாரி மூஞ்சியில திருநீறு அடிச்சாரு. நான் கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்கிறப்ப, "தாயி, எம்மவளுக்கு எப்பக் கல்யாணம்?"னு ஒருத்தன் காலைப் புடிச்சுக்கிட்டான். "முதல்ல காலை விடுடா"ன்னேன். அதுக்கும் அர்த்தம் சொல்லிக்கிட்டுப் போனான்.

போன வாரம் டீச்சர் கொடுத்த மனுவுக்காக ஒரு இளவட்ட சர்வேயர் அளக்க வந்தாரு. ஷூவைக் கழட்டிட்டு, தீர்த்தம் வாங்கிக் குடிச்சுட்டு, "பாட்டி, கரையில ஒரு சர்வே கல்லு இருக்கணுமே, காணோம். அது இருந்தா ஏரி எதுவரைக்கும்னு சொல்லிடலாம்"னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அது நீ இங்க வேலை பாத்தப்ப நட்ட கல்லு தம்பி! வெயில்ல நின்னு நட்டே, நான் மோர் கொண்டாந்து கொடுத்தேன். ஏரியோட எல்லைக்கே மஞ்சளைப் பூசி உக்கார வச்சிருக்கேன் நான். அவனுங்க எல்லையைத் தூக்கி ஏரிக்குள்ள நட்டுட்டானுங்க. "கல்லு அந்தக் கவசத்துக்குள்ள இருக்கு சார்"னேன். "கவசத்தைக் கழட்டச் சொன்னா ஊர் என்னைக் கழட்டிரும் பாட்டி. நட்டவர் இருந்தா கூட்டிட்டு வாங்க. ஐப்பசி பத்தாம் தேதி ஆபீசரோட வரேன், அவர் இடத்தைக் காட்டினா எழுதிக்கிறோம்"னுட்டுப் போயிட்டாரு.

ஆகவே தம்பி, பஸ்ஸோ ரயிலோ, பத்தாம் தேதிக்கு நீ இங்கே நின்றாக வேண்டும். கல் எங்கே இருந்தது என்று நீ கை காட்டினால் போதும், போட்ட மண்ணை அள்ள வழி பிறக்கும். இப்போது ஏரியில் முக்கால்வாசி போய்விட்டது. இனி வருகிற மழை எங்கே போகும்? என் வீட்டு மேற்குச் சுவரில் போன வருஷத்து ஈரமே இன்னும் காயவில்லை. அதன் அடியில்தான் பேத்தி படுக்கிறாள்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் நோய்நொடி இல்லாத ஆயுசைக் கொடுக்கும்படி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நம் குலதெய்வத்தைச் சொல்கிறேன், இவளை இல்லை.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் அக்காள்,
ரத்தினம்மாள்,
தலைவி, நொச்சியேரிப் பாதுகாப்புக் குழு.

பின்குறிப்பு: தம்பி, வராதே. இதைத் தபாலில் போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கவரைப் பிரித்து, கோயிலுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். தெருவுல இடுப்பளவு தண்ணி. மேற்குச் சுவர் விழுந்துருச்சு. பேத்தியை அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தூக்கிட்டு வந்தோம். சுத்துவட்டாரத்துல மேடுன்னா இது ஒண்ணுதான், அதனால தெருவே இங்க கிடக்கு. டீச்சர் ஜெபமாலையோட தூணோரம் உக்காந்திருக்காங்க. என்னைக் கையைப் புடிச்சு மேல ஏத்திவிட்டது செந்தில்குமார். அம்மன்தான் காப்பாத்துனான்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிறாங்க. இப்ப நீ வந்து இது ஏரின்னு கை காட்டினா, இத்தனை குடும்பமும் எங்க இறங்கி நிக்கும்? மழை விட்டதும் மீதி ஏரியையும் தூத்து மேடாக்கணும்னு ஊர் முடிவு பண்ணி, குழுத் தலைவின்னு என்கிட்டயும் கையெழுத்துக் கேட்டாங்க. பேத்தி மடியில குளிர்ல நடுங்கிக்கிட்டு இருந்தா. போட்டுக் கொடுத்துட்டேன்.